முதுகுக்குப் பின்னே ஒரு கண்

நம் மாணவருள் சிலர், பிளஸ் ஒன் படிக்கையில் அரசு வழங்கிய சைக்கிளிலேயே கல்லூரிக்கு வந்து போகின்றனர். இருட்டிய பின் மேலூர்ச் சாலையில் வீடு திரும்புவோர்க்கு எதிரே வரும் லாரியைவிடப் பின்னால் வரும் லாரியே பெரும் அச்சம். அதனைக் காதுதான் அறிய வேண்டும். எதிர்காற்று அடித்தாலோ அதுவும் இல்லை.

இக்குறை தீர்க்க வந்ததே ரேடார் பின்விளக்கு. கார்மின் நிறுவனம் இதனை 2015-இல் வெளியிட்டது. இருக்கைக்குக் கீழே பொருத்தும் இச்சிவப்பு விளக்கு நுண்ணலைகளைப் பின்நோக்கி அனுப்பும். நெருங்கும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே கூடியிருக்கும். டாப்ளர் 1842-இல் கூறிய விளைவுதான். சைக்கிள் மணிக்கு 15 கி.மீ., லாரி 60 கி.மீ. எனில், நெருங்கும் வேகம் விநாடிக்கு 12.5 மீட்டர். 24 கிகாஹெர்ட்ஸ் அலையாயின் மாற்றம் 2,000 ஹெர்ட்ஸ். லாரி 140 மீட்டர் தொலைவில் இருக்கும்போதே கைப்பிடியிலுள்ள சிறு கருவி ஒலித்துவிட்டால், நமக்குக் கிடைப்பது 11 விநாடி. ஓரம் ஒதுங்க அது தாராளம்!

ஆயினும் நம் வேகத்திலேயே பின்தொடரும் வண்டி இதற்குத் தெரியாது. நெருங்காத வண்டியால் அதிர்வெண் மாறுவதில்லையே. கீழவாசல் நெரிசலில் ஓயாது ஒலித்து எரிச்சலூட்டும். விலையோ நம் சைக்கிளைவிட அதிகம்.

மட்கார்டிலுள்ள சிவப்பு வில்லைக்கு மின்கலமே வேண்டாம். அதனுள் நெருங்க அமைந்த மும்முக மூலைகள், லாரியின் விளக்கொளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். சேறு படிந்தால் அனுப்பாது.