இரண்டு கம்பி போதுமா, முப்பது வேண்டுமா?

கடந்த மாதாந்தக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா ஒருவர் என்னைத் தனியாக அழைத்துத் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கறுப்பு உறையொன்றுக்குள் வரிசையாகச் செருகிய மெல்லிய உருக்குக் கருவிகள். எண்ணினேன். முப்பதுக்கு மேல் இருந்தன.

"மிஸ், இந்த முறைச் சீட்டுக்காசில இதை எடுப்பமோ எண்டு யோசிக்கிறன்" என்றார்.

அவை திறப்பு இல்லாமல் பூட்டுத் திறக்கும் கருவிகள். வாசிக்கும் சகோதரிகள் திடுக்கிட வேண்டாம். அந்த அக்காவை இந்தப் பழக்கத்துக்குள் கொண்டுவந்தது ஒரு றங்குப்பெட்டி.

அது அவருடைய மாமியாரின் பெட்டி. மாமியார் இறந்தபின் திறப்பு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் உள்ளே. 2009இல் காணாமற்போன கணவரின் படம் என்று எஞ்சியிருந்த ஒன்றும் அதற்குள்தான். ஆமைப்பூட்டை அறுத்தெடுக்கலாம் என்றார் ஒருவர், பெட்டியின் பின்பக்கத்தை உடைக்கலாம் என்றார் இன்னொருவர். கடைசியில் சந்தியில் சைக்கிள் திருத்தும் ஐயா வந்தார். வளைத்த தகடு ஒன்று, நுனி மடித்த கம்பி ஒன்று, அவ்வளவுதான் கையில். கொஞ்ச நேரத்தில் பூட்டு வாயைத் திறந்தது. பூட்டுக்கும் சேதமில்லை, பெட்டிக்கும் சேதமில்லை.

அன்றிலிருந்து அக்காவுக்கு அதே நினைவு. ஐயாவிடம் கேட்டுப் பழகினார். பழைய ஆமைப்பூட்டு இரண்டை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் படுத்தபின் விளக்கடியில் இருந்து திறந்து பார்ப்பார். "நித்திரை வராத நேரம் இதோட இருந்தா மனம் ஓரிடத்தில நிற்குது மிஸ்" என்றார். நித்திரை வராத இரவுகளைப் பற்றி எமது வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சீட்டுக்காசு என்றதும் எனக்கு யோசனையாகிவிட்டது. 'வேண்டாம்' என்று சொல்வது இலகு. பெண்ணொருத்தி ஆயுதப் பெட்டி கேட்டால் உடனே 'எதற்கு?' என்று கேட்கும் சமூகம்தானே எங்களுடையது. அந்தக் கேள்வியை நானும் கேட்க விரும்பவில்லை. ஆகவே ஐயாவிடம் விசாரித்தேன், கிடைத்ததை வாசித்தேன். சமூகவியல் படித்த எனக்கு அதுவரை பூட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பல்கலைக்கழக விடுதி அறைத் திறப்பைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்றது மட்டும்தான்.

வெளிநாடுகளில் இது ஒரு பொழுதுபோக்கு. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் 1997இலேயே இதற்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் அவ்வாறே கூடிப் பழகுகிறார்கள், போட்டி வைக்கிறார்கள். புதிதாக வருவோர் அங்கும் முதலில் கேட்பது அக்கா கேட்ட கேள்வியைத்தான்: எத்தனை கருவி வேண்டும்?

பதில் பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. இன்று நாங்கள் பாவிக்கும் ஆமைப்பூட்டுகளில் பெரும்பாலானவை, அமெரிக்கரான லைனஸ் யேல் 1860களில் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தவை. திறப்பு நுழையும் உருளையின் மேல் நான்கைந்து சிறிய முளைகள் நிற்கும். ஒவ்வொரு முளையும் இரண்டு துண்டு, அதன் மேல் ஒரு சுருள்வில். திறப்பின் பற்கள் ஒவ்வொரு முளையையும் சரியான உயரத்துக்குத் தூக்கும்போது, இரண்டு துண்டும் பிரியும் இடம் எல்லா முளைகளிலும் ஒரே கோட்டில் வரும். அப்போது உருளை சுழலும்.

எந்த உருளையிலும் துளைகள் மயிரிழை பிசகாமல் இருப்பதில்லை. உருளையை மெதுவாகத் திருப்பி அழுத்தினால் எல்லா முளையும் ஒன்றாக இறுகாது. ஒன்று முதலில் இறுகும். அதைத் தேடித் தூக்கினால் 'டிக்' என்று நிற்கும். பிறகு அடுத்தது இறுகும். ஆக, வேலை இரண்டுதான்: திருப்புவது, தூக்குவது. ஐயாவிடம் இரண்டு துண்டு இருந்ததன் காரணமும் இதுவே.

அப்படியானால் முப்பது எதற்கு? வளைவிலும் நீளத்திலும் சிறிது வேறுபட்ட கொழுக்கிகள்தான் அந்த உறையை நிரப்புகின்றன. நீண்டகாலம் பழகியவர்கள்கூட மூன்று நான்கைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். கருவி கூடினால் புதியவருக்கு ஒரு கெடுதலும் உண்டு. பூட்டு திறக்காதபோது விரலைத் திருத்தாமல் கருவியை மாற்றிக்கொண்டிருப்பார். விரல் பழகாது.

1851இல் இலண்டனில் நடந்த ஒரு விடயம் எனக்கு மிகவும் பிடித்தது. பிராமா என்ற பூட்டு நிறுவனம் தன் கடைக் கண்ணாடிக்குள் ஒரு பூட்டை வைத்து, இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்திருந்தது. அறுபது ஆண்டளவாக ஒருவராலும் முடியவில்லை. ஹொப்ஸ் என்ற அமெரிக்கர் அந்தப் பூட்டுக்கென்றே கருவி செய்துகொண்டு, 16 நாட்களில் மொத்தம் 51 மணித்தியாலம் இருந்து அதைத் திறந்தார். முதலில் பூட்டைப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் கருவி.

அக்காவுக்கு நான் சொன்னது இது. குட்டைக் கொழுக்கி ஒன்று, உள்ளே எட்டுவதற்குச் சற்று உயர்ந்த கொழுக்கி ஒன்று, மலிவுப் பூட்டுகளில் முளைகளை ஒன்றாக உரசித் தூக்க அலைபோல் வளைந்த கம்பி ஒன்று. திருப்பும் தகட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், அகலம் வேறுபட்ட இரண்டு மூன்று இருக்கட்டும். தகடு துவாரத்தில் சரியாக உட்காராவிட்டால் எந்தக் கொழுக்கியாலும் பலனில்லை. பலரும் கொழுக்கிக்குக் காசைக் கொட்டிவிட்டுத் தகட்டை மறந்துவிடுகிறார்கள். துவாரம் ஒடுங்கிய பூட்டு கைக்கு வந்தால், அப்போது 0.4 மில்லிமீற்றர் தடிப்புள்ள மெல்லிய கொழுக்கி ஒன்றைச் சேர்க்கலாம். வழமையானவை 0.6 மில்லிமீற்றர் அளவில் இருக்கும்.

எல்லாமாக ஐந்தாறு. அதிலும் சிலவற்றை வீட்டிலேயே செய்யலாம். இரும்பறுக்கும் வாளின் பழைய அலகை அரத்தால் தேய்த்துக் கொழுக்கி செய்வதை ஐயா காட்டித் தந்தார். தேய்க்கும்போது சூடேறினால் உருக்கின் வலு போய்விடும், ஆகவே இடையிடையே தண்ணீரில் நனைக்க வேண்டும். விளிம்பைச் சாண்ட் பேப்பரால் வழவழப்பாக்காவிட்டால் முளையில் சிக்கும். அக்காவின் முதல் கொழுக்கி முறிந்துபோனது. இரண்டாவது நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டியிருந்தது. அந்தச் சங்கங்களில் இரண்டு விதிகள் உண்டு. உங்களுடைய பூட்டை, அல்லது உடையவர் சம்மதித்த பூட்டை மட்டுமே தொடலாம். பாவனையிலுள்ள பூட்டில் பழகக் கூடாது, ஏனெனில் உள்ளே ஏதாவது பிசகினால் சரியான திறப்பாலும் திறக்க முடியாமற் போகலாம். ஜப்பானில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நியாயமான காரணமின்றி இக்கருவிகளை வைத்திருப்பதே குற்றம். எங்கள் பக்கத்திலும் பையைத் திறந்து காட்டும்படி கேட்கப்பட்டால், தனியாகப் போகும் பெண்ணொருவர் இதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது நல்லதல்ல. அயலாரின் கதையும் இருக்கிறது. "வீட்டிலேயே இருக்கட்டும் அக்கா, கைப்பையில் வேண்டாம்" என்றேன். "தையல் பெட்டிக்குள்ளதான் வைச்சிருக்கிறன் மிஸ், ஒருத்தரும் தேடமாட்டினம்" என்று சிரித்தார்.

சீட்டுக்காசு மகளின் கணித வகுப்புக்குப் போனது. அதை நான் சொல்லவில்லை, அவரே முடிவெடுத்தார்.

நான்கு முளைப் பித்தளைப் பூட்டு இப்போது அவருக்குச் சில நிமிட வேலை. ஐந்து முளைப் பூட்டொன்று மூன்று கிழமையாக மடியில் கிடக்கிறது. நாலாவது நின்றதும் இரண்டாவது விழுந்துவிடுகிறதாம். கருவி எதுவும் அவர் கேட்கவில்லை, கேட்பது பூட்டு. திறப்புத் தொலைந்த ஆமைப்பூட்டு வீட்டில் சும்மா கிடந்தால், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். துருப்பிடித்தது வேண்டாமாம்.