கலங்கல் நீருக்கு முருங்கை விதை

முருங்கை விதை தண்ணீரைச் சுத்தம் செய்யுமா என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்காத வருடமில்லை. செய்யும், ஆனால் பாதி வேலையைத்தான் செய்யும். மீதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிற கைப்பேசி வீடியோக்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள் நான். இங்கே ஊருணியை நம்பி வாழ்ந்த ஊர்கள் நிறைய.

எங்கள் அப்பத்தா காலத்தில் இதற்கென்று தேத்தாங்கொட்டை இருந்தது. புதுமழைக்கு ஊருணி கலங்கிவிட்டால், குடத்தின் உட்புறம் கொட்டையைச் சுற்றிச் சுற்றி உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். கலித்தொகையிலேயே இந்த வழக்கம் உவமையாக வருகிறது. நாட்டு மருந்துக் கடையில் இப்போதும் வாங்கலாம். வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். இதே பேரினத்தைச் சேர்ந்த எட்டியின் கொட்டை கொடிய நஞ்சு. அது வட்டமாகத் தட்டையாக இருக்கும், தேத்தாங்கொட்டை உருண்டை. கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் தொடவே வேண்டாம்.

முருங்கை விதையை உலகம் கவனிக்கத் தொடங்கியது நைல் நதிக்கரையில். இந்திய மண்ணின் மரமான முருங்கையைக் காலனி ஆட்சிக் காலத்தில் சூடானில் அழகுக்காக நட்டிருந்தார்கள். வெள்ளக்காலத்தில் நைல் சேறாக ஓடும்போது, இந்த விதையை இடித்துக் கலக்கினால் நீர் தெளியும் என்று கண்டுகொண்டவர்கள் அங்குள்ள கிராமத்துப் பெண்கள். முதல் விஞ்ஞானிகள் அவர்கள்தான் என்று வகுப்பில் அழுத்திச் சொல்வேன். சாமியா அல் அசாரியா ஜான் என்ற ஆய்வாளர் இத்தகைய மரபு முறைகளைச் சோதித்து 1981-இல் நூலாக்கினார். பின்னர் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் மலாவி நாட்டு நீர்சுத்திகரிப்பு நிலையம் ஒன்றிலேயே இதைப் பெரிய அளவில் செய்துபார்த்தார்கள். கலங்கலை அளக்கும் அலகில் 270-க்கு மேல் இருந்தது 4-க்குக் கீழே இறங்கியது. நீரைத் தெளியவைக்கும் படிகாரத்தை வெளிநாட்டிலிருந்து விலைகொடுத்து வாங்கும் நாட்டுக்கு இது பெரிய விஷயம்.

சேற்றுத் துகள்களுக்கு எதிர்மின்சுமை உண்டு. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால், நாள்கணக்கில் வைத்தாலும் படியாது. முருங்கை விதையில் நீரில் கரையும் சிறிய புரதம் ஒன்று இருக்கிறது. அதற்கு நேர்மின்சுமை. அது போய் ஒட்டியதும் துகள்கள் திரண்டு, கனத்து, அடியில் இறங்குகின்றன. கிருமிகளில் பெரும்பகுதியும் கூடவே இறங்கிவிடுகிறது.

மரத்திலேயே காய்ந்த நெற்றிலிருந்துதான் விதை எடுக்க வேண்டும். பச்சை விதை உதவாது. தோலை நீக்கி, வெள்ளைப் பருப்பை அவ்வப்போது புதிதாகப் பொடியுங்கள். லேசான கலங்கலுக்கு 4 லிட்டருக்கு ஒரு விதை, நல்ல சேற்றுநீருக்கு லிட்டருக்கு ஒன்று. பொடியைக் கொஞ்சம் நல்ல தண்ணீரில் குலுக்கி, வேட்டித்துணியில் வடிகட்டி, அந்தப் பாலைக் குடத்தில் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும், பிறகு 5 முதல் 10 நிமிடம் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து எடுங்கள்.

எடுத்ததை அப்படியே குடிக்கக் கூடாது. நூறு கிருமிகளில் தொண்ணூற்றொன்பது போனாலும், மிஞ்சுகிற ஒன்று போதும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வர. கொதிக்க வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் குளோரின் போட வேண்டும். தெளிந்த நீருக்குக் குளோரின் குறைவாகவே பிடிக்கும் என்பது கூடுதல் லாபம். உப்பும் ஃபுளோரைடும் இந்த முறையில் போகாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஃபுளோரைடு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்றுக்கு முருங்கையைப் பரிந்துரைப்பவர்கள் பல்லும் எலும்பும் கெட வழி சொல்கிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. விதையின் மிச்சம் நீரில் தங்கிவிடுவதால், ஒரு நாளுக்கு மேல் வைத்தால் வாடை வரும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு அழகான வழி கண்டார்கள். விதைச்சாற்றில் மணலைக் கலந்தால் புரதம் மணலில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மணலை அலசினால் மற்ற மிச்சமெல்லாம் போய்விடும். அந்த மணல் வழியாகத் தண்ணீரை விட வேண்டியதுதான். எண்ணெய் எடுத்த முருங்கை விதைப் புண்ணாக்கிலும் இந்தப் புரதம் இருக்கிறது. நம் பள்ளி ஆய்வகத்தில் செய்துபார்க்க ஒரு வாளி மணலும் கொஞ்சம் நெற்றும் போதும்.