பூனை பிறாண்டினால் கண் மங்குமா?

கையில் பூனைக்குட்டி பிறாண்டிய கீறல் ஆறி, மறந்தும் போயிருக்கும். சில வாரங்களில் காய்ச்சல் வரும், அக்குளில் நெறி கட்டும். பிறகு ஒரு கண்ணின் பார்வை மட்டும், அதுவும் நடுப்பகுதியில், மங்கும். பெரும்பாலும் வலி இருக்காது. 'வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா?' என்று கண் மருத்துவர் கேட்பது இதனால்தான்.

காரணம் 'பார்ட்டோனெல்லா ஹென்செலே' என்ற பாக்டீரியா. பூனையின் இரத்தத்தில் அது குடியிருந்தாலும் பூனைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. பூனைக்குப் பூனை பரப்புவது தெள்ளுப்பூச்சி. அதன் எச்சம் நகத்தில் ஒட்டியிருந்து, கீறலோடு நம் உடம்புக்குள் போகிறது. பெரும்பாலோருக்கு நெறி கட்டுவதோடு தானாகவே சரியாகிவிடும். சிலருக்கே கண் வரை போகும்.

அப்போது விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் மஞ்சள் வெண்மையில் ஒரு நட்சத்திரம் தெரியும். ஜெர்மன் மருத்துவர் தியோடர் லெபர் 1916இல் இதை விவரித்தபோது, கோளாறு விழித்திரையில்தான் என்று நினைத்தார். 1977இல் அமெரிக்கரான டொனால்ட் காஸ், சாய ஊசி போட்டு எடுத்த படங்களைக் கொண்டு வேறொன்றைக் காட்டினார். கசிவது மாகுலா அல்ல, பார்வை நரம்பின் முனை. அங்குள்ள நுண் இரத்தக் குழாய்களிலிருந்து வடியும் திரவம் மாகுலா வரை பரவுகிறது. நீர் வற்றியதும் கொழுப்பு மட்டும் தங்குகிறது. அங்கே நரம்பிழைகள் மையத்திலிருந்து ஆரங்களாக விரிவதால், படிவும் நட்சத்திரமாகிறது.

நரம்பு முனை வீங்கி ஓரிரு வாரம் கழித்தே இந்த நட்சத்திரம் தெளிவாகும். முதல் பரிசோதனையில் அது தென்படாததால் நோய் இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. மறுபடி பார்த்தே ஆக வேண்டும். பார்வை தெளிந்த பின்னும் அது மாதக்கணக்கில் இருக்கலாம், பயப்பட வேண்டாம். கடுமையான இரத்தக் கொதிப்பிலும் இதே நட்சத்திரம் வரும் என்பதால் பிரஷரையும் பார்த்துவிட வேண்டும்.

பூனையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் வேறு விதமாகவும் வரலாம்: கண் சிவந்து, இமையின் உள்பக்கம் சிறு கட்டி எழும்பி, காதுக்கு முன்னால் நெறி கட்டும். பாரிஸ் மருத்துவர் ஆன்றி பரினோ 1889இல் விவரித்தது இது.

மங்கிய பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சில வாரங்கள் தருவது வழக்கம்.

இதற்காகப் பூனையை விரட்ட வேண்டியதில்லை. கால்நடை மருத்துவரிடம் தெள்ளுக்கு மருந்து வாங்கிப் போடுங்கள்; கீறியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எச்ஐவி உள்ளவர்கள் ஒரு வயதுக்குட்பட்ட குட்டிகளை வளர்க்காதிருப்பதே நல்லது. அவர்களுக்கு இந்த நோய் கடுமையாகத் தாக்கும்.