வயலின் மட்டும் போதுமா?

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள் உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கர்நாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835), தம் முதல் கீர்த்தனையைப் பாடியது இந்த மலையில்தான் என்பது தெரியுமா? கண்மூடித் தியானத்தில் இருந்த அவரது வாயில், முதியவர் ஒருவர் கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தாராம். உடனே பாட்டுப் பிறந்தது என்பார்கள்.

கற்கண்டுக் கதையைத் தாத்தா, பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆனால், அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் இசை படிக்க உதவிய வள்ளலின் கதை தெரியுமா? இதோ, கேளுங்கள்!

கோட்டையில் கேட்ட இசை

தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் பெரிய வித்வான். சென்னைக்கு வடக்கே உள்ள மணலியில் வாழ்ந்த முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர், அவரைக் குடும்பத்தோடு அழைத்து வந்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் மகனும் அந்த ஆதரவைத் தொடர்ந்தார்.

அப்போது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியம் முழங்கும். தீட்சிதர் சகோதரர்கள் அதைக் கேட்டார்கள். தம்பி பாலுசுவாமிக்கு வயலின் மீது ஆசை பிறந்தது. முதலியார் குடும்பத்தார் என்ன செய்தார்கள்? கருவியை வாங்கிக் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. கற்றுத்தர ஓர் ஐரோப்பிய ஆசிரியரையும் ஏற்பாடு செய்தார்கள்!

பாலுசுவாமி கற்றுத் தேர்ந்தார். அந்நிய நாட்டு வாத்தியத்தில் நம் ராகங்களை வாசித்தார். வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். மேல்நாட்டார் நின்றபடியோ, நாற்காலியில் அமர்ந்தோ வயலின் வாசிப்பார்கள். நம்மவர்களோ சம்மணமிட்டு அமர்ந்து, அதன் நுனியைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறார்கள். இன்று வயலின் இல்லாத பாட்டுக் கச்சேரியைக் காண்பது அரிது.

இந்த உதவி எத்தனை தலைமுறைக்குப் பலன் தந்தது, பாருங்கள்! பாலுசுவாமி பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். அவர் பேரன் சுப்பராம தீட்சிதர், 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய இசை நூலை 1904ல் வெளியிட்டார். அதற்கு எட்டயபுரம் சமஸ்தானம் துணை நின்றது. முத்துசுவாமி தீட்சிதரின் பல பாடல்கள் அந்த நூலால் நமக்குக் கிடைத்துள்ளன.

இன்றும் வள்ளல்கள்

மேற்கு வங்க மாநிலம் காலிம்பாங்கில் எட்வர்ட் மெக்குவயர் என்ற பாதிரியார், 1993ல் ஏழைக் குழந்தைகளுக்காக 'காந்தி ஆசிரமப் பள்ளி'யைத் தொடங்கினார். கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் அங்கே மற்றப் பாடங்களோடு வயலினும் படித்தார்கள். சென்னையில் இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மானின் அறக்கட்டளை, 2009ல் 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா'வைத் தொடங்கி, வசதியற்ற குழந்தைகளுக்கு இலவசமாக இசை கற்பித்தது.

இதற்கெல்லாம் ஏன் பணம் வேண்டும் என்கிறீர்களா? வயலினுக்கு நான்கு தந்திகள். அவை தேயும், அறுந்தும் போகும். வில்லுக்குப் பூச ரோசின் வேண்டும். சிறுவனுக்குச் சிறிய வயலின். கை நீண்டதும் அடுத்த அளவு வயலின். எல்லாவற்றையும் விட முக்கியம், வாரந்தோறும் வந்து, பல ஆண்டுகள் பொறுமையாகச் சொல்லித்தரும் ஆசிரியர். அவருக்கு மாதந்தோறும் சம்பளம் தர வேண்டாமா?

பலர் கருவியை வாங்கித் தந்து புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு சரி. ஆசிரியர் இல்லாவிட்டால் அது பீரோவில் தூங்கும்! கருவி ஒருநாள் தானம். ஆசிரியரோ தினம் தினம் ஊற்ற வேண்டிய தண்ணீர். தண்ணீர் ஊற்றாத செடி பூக்குமா?

நீங்கள் என்ன செய்யலாம்?

இசையில் ஆர்வமுள்ள ஏழைத் தோழனோ, தோழியோ இருக்கிறாரா? தமிழக அரசின் மாவட்ட இசைப் பள்ளிகள் பற்றி அவரிடம் சொல்லுங்கள். திருத்தணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காஞ்சிபுரத்தில் ஒன்று இருக்கிறது. 12 வயது முதல் சேரலாம். பாட்டு, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில் என்று பலவும் கற்கலாம்.

வீட்டுப் பரணில் பழைய ஆர்மோனியமோ, மிருதங்கமோ சும்மா கிடந்தால், பெற்றோரிடம் கேட்டு பள்ளிக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது, "இதைக் கற்றுத்தர யார் வருவார்கள்?" என்றும் மறக்காமல் கேளுங்கள். அந்தக் கேள்வி, ஊரில் ஒரு புதிய வள்ளலை உருவாக்கலாம்!