தேனீப் பெட்டிகளைப் பூச்சிகளினின்றும் காக்கும் முறை

விவசாயக் குடும்பங்கள் தமது முக்கிய வேலைக்குப் பங்கமின்றிச் செய்யத்தக்க உபதொழில்களுள் தேனீ வளர்ப்பும் ஒன்றென்பதை நமது சங்க அங்கத்தினர்கள் அறிவார்கள். திருப்பூர் ஜில்லாவில் உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் பக்கங்களில் தென்னந்தோப்புகள் மிகுதி; மூலனூர்ப் பக்கத்தில் முருங்கைத் தோட்டங்கள் பல. தென்னையில் வருஷம் முழுவதும் பாளை விரிந்து கொண்டேயிருக்கும். முருங்கைப் பூவையும் ஈக்கள் விரும்பி நாடும். இவ்வளவு வசதிகள் இருந்தும், கடன் பெற்றுப் பெட்டி வைத்தவர்களிற் சிலர் ஓரிரு வருஷங்களுக்குள் வெறும் பெட்டியைத் திண்ணையில் ஏற்றிவிடுகிறார்கள். காரணம் கேட்டால், "ஈக்கள் ஓடிப் போய்விட்டன" என்பார்கள். ஈக்கள் காரணமின்றி ஓடுவதில்லை. பெரும்பாலும் அவற்றைத் துரத்துவன பூச்சிகளே. அப்பூச்சிகளுக்கு இடங்கொடுப்பது நமது அசிரத்தையே.

நான் பார்வையிட்ட ஒரு கிராமத்தில், ஒரே தோப்பில் மூன்று அங்கத்தினர்கள் பத்துப் பெட்டிகள் வைத்திருந்தனர். அவர்களில் ஒருவர் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்று, தம் இரு பெட்டிகளையும் மழைக்காலம் முழுவதும் திறந்து பாராமலே விட்டுவிட்டார். நான் திறந்தபோது அடைகளுக்குப் பதிலாக நூலாம்படை போன்ற வலையும், கரிய எச்சமும், நெளியும் புழுக்களுமே இருந்தன. அந்த நஷ்டம் அவரோடு நிற்கவில்லை. அடுத்தவர் பெட்டிகளில் பலங்குறைந்திருந்த இரண்டும் அவ்வாறே காலியாயின. ஒருவர் பெட்டி மற்றவர் பெட்டிக்கு வியாதி தரும் என்பதை அன்று அம்மூவரும் உணர்ந்தார்கள்.

மெழுகுப் பூச்சி

மேலே கூறிய புழு மெழுகு அந்துப்பூச்சியின் புழு. சாம்பல் நிறமுள்ள தாய்ப்பூச்சி இரவில் பெட்டிக்குள் நுழைந்து, சந்துகளிலும் விரிசல்களிலும் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. புழுக்கள் அடையைக் குடைந்து, தாம் செல்லும் வழியெல்லாம் பட்டு நூலால் சுரங்கம் போல் மூடிக்கொள்கின்றன. ஆகையால் ஈக்கள் அவற்றை எளிதிற் பிடிக்க இயலாது. மகரந்தமும், ஈப்புழுக்கள் உரித்த தோலும் படிந்த பழைய கறுத்த அடைகளே இவற்றிற்கு மிகவும் உவப்பானவை. நாட்டு ஈக்கள் இத்தொல்லையைப் பொறுத்திருப்பதில்லை. கூட்டைத் துறந்து போய்விடும்.

இத்தாலிய ஈக்கள் மரப்பிசினைக் கொணர்ந்து விரிசல்களை அடைக்கும். நமது நாட்டு ஈக்களுக்குப் பெரும்பாலும் அவ்வழக்கம் இல்லை. ஆதலால் அவ்வேலை வளர்ப்பவரைச் சேர்ந்தது. பெட்டியின் விரிசல்களை மெழுகினால் அடைக்க வேண்டும். வாரத்திற்கொருமுறை அடிப்பலகையை எடுத்து, அதில் உதிர்ந்த மெழுகுத் தூளைச் சுரண்டி அப்புறப்படுத்த வேண்டும். அத்தூளிலேயே முதற் புழுக்கள் வளர்கின்றன. ஈக்கள் மூடாத அடைகளை வெளியே எடுத்துவிட்டு, வாயிலையும் ஈக்களின் தொகைக்கேற்பக் குறுக்குக. புழு சிறிதளவே கண்ட அடையாயின், ஈக்களை உதறிவிட்டு அடையை வெயிலிற் காட்டினால் புழுக்கள் வெளியே வரும், பொறுக்கிக் கொல்லலாம். மிகுதியாய்க் கெட்ட அடையை உடனே உருக்கி மெழுகாக்கிவிட வேண்டும். எடுத்து வைக்கும் நல்ல அடைகளைக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் இரண்டு நாட்கள் வைத்தால் முட்டை முதல் யாவும் மடியும். பின்பு காற்றுப் புகாமற் கட்டி வைக்கலாம்.

எறும்பும் குளவியும்

கட்டெறும்பும் செவ்வெறும்பும் இரவில் பெட்டியேறித் தேனையும் புழுக்களையும் கவரும். பெட்டி நிற்கும் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பதே தக்க பரிகாரம். தண்ணீர் வற்றாமலும், சருகு விழுந்து பாலமாகாமலும் பார்த்துக் கொள்க. புல்லும் மரக்கிளையும் பெட்டியைத் தொடலாகாது. எறும்புப்பொடியைப் பெட்டிமீது தூவுதல் பெருந்தவறு. அது எறும்பைக் கொல்லுமுன் ஈக்களைக் கொல்லும்.

மஞ்சள் பட்டையுள்ள பெருங்குளவி வாயிலருகே காத்திருந்து, இரைதேடித் திரும்பும் ஈக்களைப் பற்றிச் செல்லும். வாயிலைச் சுருக்குவதோடு, அருகிலுள்ள குளவிக் கூட்டைக் கண்டுபிடித்து, அனுபவமுள்ளவரைக் கொண்டு இரவில் அழிக்க வேண்டும். தனியாக இம்முயற்சியில் இறங்கலாகாது. குளவிகள் கூட்டமாய்க் கொட்டினால் உயிருக்கே அபாயம்.

புகையும் மருந்தும்

பெட்டியைத் திறக்குமுன் மிதமான புகை காட்டுவது வழக்கம். நமது பக்கத்தில் பனியன் கழிவுத் துணி எளிதிற் கிடைப்பதால் சிலர் அதனையே கொளுத்துகின்றனர். சாயமேறியதும் செயற்கை நூல் கலந்ததுமான துணியின் புகை தீயது. தேங்காய் நாரே போதும். துணிதான் வேண்டுமெனில் சாயமிடாத சுத்தப் பருத்தியாக இருக்கட்டும். தென்னை, முருங்கை, பருத்திக்கு மருந்து தெளிப்பவர்கள் அண்டையில் பெட்டி வைத்திருப்பவருக்கு முன்னறிவித்து, ஈக்கள் கூடடைந்த மாலை வேளையிலேயே தெளிக்க வேண்டும்.

புழு வியாதி

பூச்சி கண்ணுக்குத் தெரிகிறது, வியாதி தெரிவதில்லை. 1976-ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட பைப்புழு நோய், 1991-92-இல் தென்னிந்தியாவிற் பரவி, தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்றிலும் வளர்க்கப்பட்ட நாட்டு ஈக்கூட்டங்களிற் பெரும்பகுதியை அழித்தது. தேனுக்குப் பெயர்பெற்ற மார்த்தாண்டம் பக்கத்திலும் எண்ணற்ற குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. இந்நோய் கண்ட புழு அறைக்குள் தலைநிமிர்ந்து நீண்டு மடியும். குறட்டினால் எடுத்தால் நீர் நிறைந்த பை போன்றிருக்கும். காய்ந்தபின் ஓடம் போல் வளையும். இதற்கு நச்சுயிரே காரணமாதலால் குணப்படுத்தும் மருந்து இல்லை. நோயுற்ற பெட்டியின் அடையையோ சட்டத்தையோ மற்றொன்றுக்கு மாற்றாதிருப்பதும், ராணி ஈயைச் சில நாட்கள் கூண்டிலடைத்துப் புதுப்புழு உண்டாகாமல் நிறுத்துவதும், தப்பிப் பிழைத்த பலமான கூட்டங்களிலிருந்தே இனம் பெருக்குவதுமே வழி. இன்று நாம் காணும் நாட்டு ஈக்கூட்டங்கள் அவ்வாறு பிழைத்தவற்றின் வழித்தோன்றல்களே.

சங்கத்தார் செய்ய வேண்டியவை

இதுகாறும் கூறியவற்றின் சாரம் ஒன்றே: பலமுள்ள கூட்டம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும், பலங்குறைந்த கூட்டம் தானும் கெட்டு அயலையும் கெடுக்கும். ஆகவே பெட்டி தனிமனிதர் சொத்தாயினும், அதன் பாதுகாப்பு கூட்டுப் பொறுப்பாகும். சங்கங்கள் கீழ்க்கண்டவற்றை அனுசரித்தல் நலம்.

1. ஒரு தோப்பிலுள்ள பெட்டிகள் யாவற்றையும் ஒரே நாளில் பார்வையிட்டு, ஒவ்வொன்றின் நிலையையும் புத்தகத்திற் குறிக்க வேண்டும்.

2. வெளியூர் வேலைக்குச் செல்லும் அங்கத்தினர் தம் பெட்டியை இன்னாரிடம் ஒப்படைத்தார் என்பதைக் காரியதரிசிக்கு அறிவிக்க வேண்டும்.

3. பலங்குறைந்த கூட்டங்கள் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குக. நோயுள்ளதை மட்டும் எதனுடனும் சேர்க்கலாகாது.

4. பூக்குறைந்த மழைக்காலத்தில் மாலை நேரத்தில் சர்க்கரைப் பாகு பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். வெளியே சிந்தினால் எறும்பும் அயற்பெட்டி ஈக்களும் கொள்ளைக்கு வரும்.

5. சாயநீர் கலந்த ஓடைகளை ஈக்கள் நாடாதபடி, தோப்பிலேயே கற்களிட்ட சட்டியில் நல்ல தண்ணீர் வைக்க வேண்டும்.

6. ஈயில்லாப் பெட்டியையும் பழைய அடைகளையும் தோப்பில் விட்டுவைக்கலாகாது.

வாரம் அரை மணி நேரம் செலவிடுவோர் இவற்றை நிறைவேற்றலாம். கடன் தவணை கட்டவேண்டிய பெட்டி காலியாகிவிட்டால், தவணை மட்டும் காலியாவதில்லை. அங்கத்தினர்கள் இதனைச் சிந்தித்து, அடுத்த மழைக்கு முன்பே தத்தம் பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்களாக.