இடித்துப் போட்ட சமையல் அறை! பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர்!

அமெரிக்காவில் ஆள் கூலி அதிகம். தச்சரைக் கூப்பிட்டாலும், குழாய் வேலைக்காரரைக் கூப்பிட்டாலும் பணம் தண்ணீராகக் கரைந்துவிடும்.

ஆகவே, வீட்டு வேலைகளைத் தாங்களே செய்துகொள்ளும் வழக்கம் அங்கே வெகு நாளாக உண்டு. சனி, ஞாயிறு வந்தால் கணவர் கையில் ரம்பம் இருக்கும். மனைவி கையில் வண்ணம் பூசும் பிரஷ் இருக்கும். சமையல் அறையைக்கூட அவர்களே இடித்து, அவர்களே புதிதாகக் கட்டிவிடுவார்கள்.

இன்னொரு பழக்கமும் அங்கே பரவி இருக்கிறது. 30, 40 ஆண்டுகளுக்கு முந்திய கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடிப்பார்கள். பிரித்து, துடைத்து, ரிப்பேர் செய்து மீண்டும் ஓட வைப்பார்கள். இதில் வரும் சந்தோஷத்துக்கு விலையே இல்லை என்பார்கள்.

சரி. இந்த இரண்டு வேலையும் ஒரே வீட்டில், ஒரே சமயத்தில் நடந்தால் என்ன ஆகும்?

தந்தையின் கடிதங்கள்

இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர், மனைவி, இரண்டு குழந்தைகள். வீடு பழைய வீடு. சமையல் அறை அதைவிடப் பழசு. அலமாரிக் கதவு ஆடுகிறது. குழாய் சொட்டுகிறது. "இந்த ஆண்டு இதை மாற்றியே தீர வேண்டும்" என்கிறார் மனைவி.

கணவரிடம் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பெயர், கமடோர் 64. 1982-ல் 595 டாலர் விலையில் கடைக்கு வந்த கம்ப்யூட்டர் அது. உலகம் முழுவதும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. பார்ப்பதற்குத் தடித்த டைப் அடிக்கும் பலகை போல இருக்கும்.

அதை வாங்கியவர் கணவரின் தந்தை. அவர் இப்போது இல்லை. அவர் எழுதிய கடிதங்கள், 'பிளாப்பி' என்னும் மெல்லிய தட்டுகளில் பதிந்து கிடக்கின்றன. காகிதத்தில் நகல் கிடையாது. கம்ப்யூட்டர் ஓடினால்தான் கடிதத்தைப் படிக்க முடியும்.

மனைவிக்குச் சமையல் அறை வேண்டும். கணவருக்குக் கடிதம் வேண்டும். இரண்டும் நியாயம்தான். ஆனால் வீட்டில் மேஜை ஒன்றுதான்!

மேஜை யாருக்கு?

சமையல் அறையை இடித்த அன்றே சிக்கல் தொடங்கிவிடும்.

அடுப்பு இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டி இல்லை. சாப்பாட்டு மேஜைமேல் சிறிய மின்சார அடுப்பு ஏறும். பாத்திரங்கள் குளியல் அறைக்குப் போகும். அதே மேஜைமேல் கணவர் கம்ப்யூட்டரைப் பிரித்து வைத்தால் என்ன ஆகும்? திருகாணி சூப்பில் விழும். சூப் கம்ப்யூட்டரில் விழும்!

விளையாட்டுப் பேச்சு அல்ல. பழைய கம்ப்யூட்டர்களில் உறுப்புகளைப் பற்றவைத்திருக்கும் பற்றில் காரீயம் உண்டு. காரீயம் விஷம். பற்றவைக்கிற மேஜையில் சாப்பிடக்கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஆகவே முதல் சட்டம் இது: சாப்பிடும் மேஜை சாப்பாட்டுக்கே. கம்ப்யூட்டர் வேறு அறைக்குப் போக வேண்டும்.

தூசிதான் எமன்

இரண்டாவது சங்கடம், தூசி.

அமெரிக்க வீடுகளில் உள்சுவர்களுக்குப் பெரும்பாலும் ஜிப்சம் பலகை அடிக்கிறார்கள். பலகைகள் சேரும் இடத்தில் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். அப்போது மாவு போன்ற வெள்ளைத் தூசி கிளம்பும். கதவை மூடினாலும் இடுக்கு வழியாக அடுத்த அறைக்குப் போய்விடும்.

இந்தத் தூசி பிளாப்பி தட்டுக்குப் பரம எதிரி. தட்டைப் படிக்கும் கருவியில், 'ஹெட்' என்ற சிறு உறுப்பு தட்டைத் தொட்டுக்கொண்டே படிக்கும். நடுவில் துகள் சிக்கினால் தட்டில் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்தில் இருந்த எழுத்துக்கள் போனது போனதுதான்.

அலமாரி உடைந்தால் வேறு அலமாரி வாங்கலாம். தந்தையின் கடிதத்தை எந்தக் கடையில் வாங்குவது?

அதனால், சுத்தியலைத் தொடுவதற்கு முன்பே தட்டுகளை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். இறுக மூடும் டப்பாவில் வைத்து, தூசி வராத அறைக்குக் கொண்டுபோக வேண்டும். காந்தமும் பக்கத்தில் ஆகாது. பிளாப்பியில் எழுத்துக்கள் பதிவது காந்த சக்தியால்தான். கீழே விழுந்த ஆணியைப் பொறுக்கும் காந்தம், அந்தக் கடிதங்களையும் அழித்துவிடும்.

குழந்தைகள் ஜாக்கிரதை!

தூசியால் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஆபத்து என்று எண்ணிவிடக்கூடாது.

வீடுகளுக்குப் பூசும் வண்ணத்தில் காரீயம் கலப்பதை அமெரிக்க அரசாங்கம் 1978-ல் தடை செய்தது. அதற்கு முன் கட்டிய வீடுகளில், சுவரிலும் ஜன்னலிலும் அந்த விஷ வண்ணம் இருக்கலாம். தேய்த்தால் தூசியாகப் பறக்கும். குழந்தைகளின் வயிற்றுக்குள் போனால் மூளை வளர்ச்சியே கெடும். பழைய தரை ஓடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை உடைத்துச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடு.

அதனால், பழைய வீட்டை இடிக்கும் முன் வண்ணத்தையும் ஓட்டையும் சோதித்துப் பார்ப்பார்கள். காரீயம் இருந்தால், அதற்குப் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுவதே நல்லது. வாசலில் பிளாஸ்டிக் திரை கட்டுவார்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைப்பார்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள்.

காத்திருக்கும் நேரம்

இரண்டு வேலையும் முட்டாமல் நடக்க வழி உண்டா?

உண்டு. காத்திருக்கும் நேரத்தைக் கண்டுபிடிப்பதே அந்த வழி.

சமையல் அறை வேலையில் பாதி, காத்திருப்புதான். பூசிய பட்டி காய ஒரு நாள் ஆகும். அலமாரிகளைச் சுவரில் பொருத்திய பிறகுதான் மேடைக் கல்லுக்கு அளவு எடுப்பார்கள். முன்னால் அளவு எடுத்தால், கால் அங்குலம் தவறினாலும் கல் பொருந்தாது. அளவு கொடுத்த பின், கல் வெட்டி வருவதற்கு ஒன்று இரண்டு வாரம் ஆகலாம். கல் வரும் வரை தொட்டி வைக்க முடியாது. குழாய் மாட்ட முடியாது.

இந்த நாட்கள் கம்ப்யூட்டருக்கு உரியவை! அப்போது தூசி இல்லை. சுத்தியல் சத்தம் இல்லை.

கம்ப்யூட்டர் வேலையிலும் காத்திருப்பு உண்டு. புதுக் கண்டென்ஸருக்கு எழுதிப் போட்டால், தபாலில் வரச் சில நாள் ஆகும். அந்த நாட்களில் கணவர் அலமாரிக்கு வண்ணம் பூசலாம்.

ஒன்று நிற்கும்போது மற்றொன்று நடக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் திறந்து போட்டால் இரண்டும் முடியாது.

கறுப்புப் பெட்டி

கமடோர் 64-ஐப் பெட்டியில் இருந்து எடுத்ததும் சுவிட்சைப் போட்டுவிடக்கூடாது. பலர் செய்யும் தவறு இது.

அதற்கு மின்சாரம் கொடுக்கச் செங்கல் போன்ற ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. அதில் இருந்து 5 வோல்ட் வர வேண்டும். பெட்டிக்கு வயதாகிவிட்டால் சில சமயம் 5 வோல்ட் ஏறிவிடும். ஏறிய மின்சாரம், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஞாபகச் 'சிப்'களை எரித்துவிடும். நேற்று வரை நன்றாக இருந்த கம்ப்யூட்டர், ஒரு நொடியில் கெட்டுப்போகும்.

ஆகவே அனுபவசாலிகள் முதலில் வோல்ட் மீட்டரால் அளந்து பார்ப்பார்கள். பலர் பழைய பெட்டியைத் தொடுவதே இல்லை. இப்போது புதிதாகச் செய்து விற்கும் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள்.

வேறு சில பழைய கம்ப்யூட்டர்களுக்குள், கடிகாரத்துக்காக ஒரு சிறு பாட்டரி இருக்கும். பல ஆண்டு கழித்து அது கசியும். கசிந்த காரம் செம்புக் கோடுகளை அரித்துவிடும். இதற்கு மருந்து சமையல் அறையில் இருக்கிறது. அதுதான் வினிகர்! பாட்டரியை எடுத்துவிட்டு, வினிகரால் மெல்லத் துடைத்தால் காரம் முறியும். பிறகு சுத்தமான தண்ணீராலும் ஆல்கஹாலாலும் துடைத்து, நன்றாக உலர விட வேண்டும்.

சிறு திருகாணிகளைப் போட்டு வைக்க, முட்டை வாங்கிய அட்டையைப் போல வசதியான பெட்டி வேறு இல்லை. எந்தத் திருகாணி எந்த இடத்தில் இருந்தது என்று ஒவ்வொரு குழியிலும் எழுதி வைத்துவிடலாம்.

உயிருக்கு ஆபத்து

சில வேலைகளைத் தெரியாமல் தொடக்கூடாது. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைக்குள், பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் பாயும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே தங்கி இருக்கும். முறை தெரியாதவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது.

சமையல் அறையிலும் அப்படியே. மெயினை நிறுத்தாமல் கம்பியைத் தொடக்கூடாது. தண்ணீர் புழங்கும் இடத்தில், மின்சாரம் கசிந்ததும் தானே துண்டித்துவிடும் பிளக்குகள் பொருத்த வேண்டும் என்பது அங்கே விதி. கம்பி வேலை முடிந்ததும், சுவரை மூடும் முன் நகராட்சி அதிகாரி வந்து பார்ப்பது வழக்கம்.

இடம் தெரிந்த என்ஜினீயர்

வீட்டுக்குள் கம்ப்யூட்டரையும் சமையலையும் சேர்த்து வைத்துப் பார்த்த கதை புதிது அல்ல.

பிட்ஸ்பர்க் நகரில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி என்ஜினீயராக இருந்தவர் ஜிம் சதர்லேண்ட். மிச்சப்பட்டுக் கிடந்த எலக்ட்ரானிக் உறுப்புகளைக் கொண்டு, 1966-ல் அவர் தம் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் செய்தார். அதன் பெயர் எக்கோ 4. எடை சுமார் 800 பவுண்டு, அதாவது 360 கிலோ! கடையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியலைக்கூட அதில் தயாரிக்கலாம்.

அவ்வளவு பெரிய கம்ப்யூட்டரை அவர் எங்கே வைத்தார்? நிலவறையில் வைத்தார்.

1969-ல் ஹனிவெல் கம்பெனியின் 'சமையல் அறைக் கம்ப்யூட்டர்' விற்பனைக்கு வந்தது. நைமன் மார்கஸ் என்ற பெரிய கடையின் பட்டியலில் அதன் விலை 10,600 டாலர். காய்கறி நறுக்கும் பலகையும் அதோடு சேர்ந்தே இருந்தது! ஆனால் அதில் டைப் அடிக்க முடியாது. சுவிட்சுகளைத் தட்டி, விளக்குகள் எரிவதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்றுகூட விற்றதாகத் தகவல் இல்லை.

முன்னது பல ஆண்டு ஓடியது. பின்னது பட்டியலோடு நின்றது. சமையல் அறைக்குச் சமையல்தான் முதல் வேலை!

திரையில் ஓர் எழுத்து

மீண்டும் அந்தக் குடும்பத்துக்கு வருவோம்.

மேடைக் கல் வந்துவிட்டது. தொட்டி பொருந்திவிட்டது. குழாயைத் திறந்து, எங்கேனும் சொட்டுகிறதா என்று மனைவி குனிந்து பார்க்கிறார். சொட்டவில்லை. புதிய அடுப்பில் முதல் காபி கொதிக்கிறது.

அடுத்த அறையில் கணவர், படிக்கும் கருவியின் ஹெட்டை ஆல்கஹாலால் துடைத்துவிட்டார். வேண்டாத தட்டு ஒன்றைப் போட்டு முதலில் சோதித்தும் பார்த்துவிட்டார். இப்போது தந்தையின் தட்டைப் போடுகிறார். நீலத் திரையில் 'ரெடி' என்ற சொல் தெரிகிறது. அதன் கீழே ஒரு சிறு சதுரம் கண் சிமிட்டுகிறது.

கடிதம் வந்ததும் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, நகல் எடுப்பது. இரண்டாவது வேலை, குடும்பத்தைக் கூப்பிடுவது.

காபியோடு மனைவி வருகிறார். குழந்தைகள் ஓடி வருகிறார்கள். பார்த்தே இராத தாத்தாவின் முதல் வரியை, மூத்த குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது.

காபிக் கோப்பை மட்டும் அந்த மேஜைக்கு வரக்கூடாது. அது சமையல் அறைச் சட்டம்!