மீட்போரைக் காக்கும் அறிவு

நுழையும்முன்

பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரையும் பொருட்படுத்தாது விரைவோரை உலகம் என்றும் போற்றுகிறது. ஆயினும், சில இடங்களில் அவ்வாறு விரைவதே காக்கச் சென்றவரின் உயிரையும் பறித்துவிடுகிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர்த் தொட்டிகள் அத்தகைய இடங்கள். அங்கே மீட்புப்பணி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அறிவியல் நோக்கில் விளக்குகிறது இப்பாடம்.

பாலாற்றங்கரைத் தொழில்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களும் 2019 ஆம் ஆண்டுவரை ஒரே மாவட்டமாக விளங்கின. இப்பகுதியின் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் உலகச் சந்தையில் பெயர் பெற்றவை. இங்குப் பதனிடப்படும் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் காலணிகளாகவும் கைப்பைகளாகவும் உருமாறிக் கடல் கடந்து செல்கின்றன. ஆண்களும் பெண்களுமாகப் பல்லாயிரவர் இத்தொழிலால் வாழ்கின்றனர்.

தோல் பதனிடுதல் பல படிநிலைகளைக் கொண்ட பணியாகும். உப்பிட்டு வந்த தோலை முதலில் நீரில் ஊறவைப்பர். பின்னர், மயிரை நீக்குவதற்காகச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் இடுவர். அதன்பின் சுண்ணாம்பை நீக்கி, உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் பக்குவப்படுத்துவர். இறுதியாகக் குரோமியம் உப்பினாலோ மரப்பட்டைச் சாற்றினாலோ தோலைப் பதப்படுத்துவர். ஒவ்வொரு படிநிலையிலும் பெருமளவு கழிவுநீர் வெளியேறுகிறது.

இக்கழிவுநீரால் பாலாறும் நிலத்தடி நீரும் சீர்கெட்டன. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு புகழ்பெற்றது. மாசு ஏற்படுத்தியவரே அதற்கான இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆலைகள் இயங்குதல் கூடாது என்பதும் உறுதியாயிற்று. ஆற்றைக் காக்கும் பொருட்டே இன்று கழிவுநீர் தொட்டிகளில் தேக்கப்படுகிறது. அத்தொட்டிகளின் அடியில் படியும் கசட்டை அவ்வப்போது அகற்றியாக வேண்டும். ஆற்றைக் காக்கும் தொட்டியைத் தூய்மை செய்பவரைக் காப்பது எவ்வாறு என்பதே இங்கு எழும் வினாவாகும்.

கசடு எளிய பொருளன்று. 2015 ஜனவரி 31 அதிகாலையில், இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் உயிரிழந்தனர். அது சுவர் உடைந்ததால் நேர்ந்த பேரிழப்பு. சுவர் உடையாமல், ஓசை எழாமல், தொட்டிக்குள்ளேயே உயிர் குடிக்கும் மற்றொரு பகையும் உண்டு. அதுவே நச்சுக்காற்று.

மூக்கை ஏமாற்றும் நஞ்சு

மயிர் நீக்கும் கரைசலில் உள்ள சல்பைடு, சுண்ணாம்பின் காரத்தன்மை நீடிக்கும்வரை பெரும்பாலும் நீரிலேயே அடங்கியிருக்கும். அந்நீருடன் அமிலக் கழிவுநீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு வெளிப்படும். காற்றுப் புகாத கசட்டில் வாழும் நுண்ணுயிரிகளும் சல்பேட்டுகளைச் சிதைத்து இவ்வாயுவை உண்டாக்குகின்றன. கசடு அசையாதிருக்கும்வரை வாயுவின் பெரும்பகுதி அதனுள் சிறைப்பட்டிருக்கும். மண்வெட்டியால் கிளறும்போதோ காலால் மிதிக்கும்போதோ அது திடீரெனப் பொங்கி எழும். மேலிருந்து நோக்குவோருக்கு அமைதியாகத் தோன்றும் தொட்டி, ஒருவர் உள்ளே இறங்கிய நொடியில் நஞ்சாக மாறுவது இதனாலேயே.

ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடச் சற்றே கனமானது. ஆதலால் தொட்டியின் அடியில் தேங்கும். மிகக் குறைந்த அளவில் இருக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றத்தால் அதனை அறியலாம். ஆனால், பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 100 பங்கு என்னும் அளவை எட்டினால், சில நிமிடங்களில் அது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் நஞ்சு நீங்கியது என மனிதர் எண்ணுவர்; உண்மையில் அப்போதுதான் இடர் பெருகியிருக்கும். 700 முதல் 1000 பங்கு என்னும் அளவில் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். சில நிமிடங்களில் உயிர் பிரியும். உடலின் உயிரணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்தவிடாமல் இந்நஞ்சு தடுத்துவிடுகிறது.

கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் முன்னோர் கைக்கொண்ட முறை. விளக்கு அணைந்தால் உள்ளே உயிர்வளி குறைந்துள்ளது என அறிந்தனர். அம்முறை இங்குப் பயன்படாது. பத்து இலட்சத்தில் 1000 பங்கு என்பது 0.1 விழுக்காடே. உயிரைப் பறிக்கும் அந்த அளவிலும் விளக்கு அணையாது எரியும். மேலும், ஹைட்ரஜன் சல்பைடு எரியும் தன்மை உடையது. அதன் அளவு மிகுந்த இடத்தில் விளக்கே வெடிப்புக்குக் காரணமாகலாம். முகத்தில் துணி கட்டிக்கொள்வதும் தூசு தடுக்கும் முகக்கவசம் அணிவதும் இந்நஞ்சைத் தடுக்கமாட்டா.

ஒருவர்பின் ஒருவராய்

தொட்டியில் ஒருவர் மயங்கி விழுகிறார். மேலே நிற்பவர் அவருடைய உடன்பணியாளர். சில வேளைகளில் அண்ணன் அல்லது தம்பி. விழுந்தவர் வழுக்கி விழுந்தாரா, மூச்சடைத்து விழுந்தாரா என்பது மேலிருப்பவருக்குத் தெரியாது. எண்ணிப் பார்க்க நேரமில்லை என்னும் பதற்றத்தில் அவரும் இறங்குகிறார், அவரும் விழுகிறார். இருவரையும் காக்க மூன்றாமவர் இறங்குகிறார். கழிவுநீர்த் தொட்டி இறப்புகளைப் பற்றிய செய்திகளில் ஒருவர் பெயரோடு நில்லாமல் இருவர், மூவர் பெயர்கள் இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

2015 நவம்பரில் கேரளத்தின் கோழிக்கோடு நகரில் இத்தகைய நிகழ்வு ஒன்று நேர்ந்தது. பாதாளச் சாக்கடையில் இறங்கிய தொழிலாளர்கள் இருவர் உள்ளே சிக்கினர். அவ்வழியே இருந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், முன்பின் அறியாத அவ்விருவரைக் காக்க உள்ளே இறங்கினார். மூவரும் உயிரிழந்தனர். அவ்விளைஞரின் ஈகத்தை அம்மாநிலமே கண்ணீரோடு போற்றியது.

அடைபட்ட இடங்களில் நேரும் இறப்புகளை ஆராய்ந்த அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம் 1986 இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அவ்விடங்களில் இறந்தவர்களுள் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிறரைக் காக்கச் சென்றவர்கள் என்பது அதன் முடிவு. முதலில் சிக்கியவர்களைவிட, மீட்கச் சென்றவர்களே மிகுதியாக இறந்தனர். அவர்களிடம் குறைவாக இருந்தது துணிவன்று. உள்ளே இருப்பது எது என்னும் அறிவும் அதனை எதிர்கொள்ளும் கருவியுமே.

விண்வெளியில் ஒரு மீட்புப்பணி

உள்ளே என்ன நேர்ந்துள்ளது என அறியாத இடத்திற்குள் நுழையும் நிலை விண்வெளி வீரர்களுக்கும் ஏற்பட்டதுண்டு. சோவியத் நாட்டின் சல்யூட் 7 விண்வெளி நிலையம் 1985 பிப்ரவரியில் தரையுடனான தொடர்பை முற்றிலும் இழந்தது. அப்போது அதில் வீரர் எவரும் இல்லை. மின்னாற்றல் இன்றி உறைந்து, கட்டுப்பாடின்றிப் புவியைச் சுற்றிக்கொண்டிருந்த அந்நிலையத்தை மீட்க விளாதிமிர் ஜானிபெகோவ், விக்தர் சவினிக் ஆகிய இருவர் அனுப்பப்பட்டனர். சோயுஸ் டி-13 என்னும் அவர்களது விண்கலம் 1985 ஜூன் 6 அன்று புறப்பட்டது.

செயலிழந்த நிலையத்திலிருந்து எவ்வகை வழிகாட்டும் குறிப்பும் கிடைக்கவில்லை. கலத்தலைவர் ஜானிபெகோவ், ஜூன் 8 அன்று தம் கையாலேயே விண்கலத்தைச் செலுத்தி நிலையத்துடன் இணைத்தார். சற்றே பிழை நேர்ந்திருந்தாலும் இரண்டும் மோதியிருக்கும். இத்தகைய இடரைத் துணிந்து ஏற்ற அவ்வீரர்கள், இணைந்தவுடன் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்துவிடவில்லை. உள்ளிருந்த காற்றை முதலில் ஆய்ந்தனர். அது கடுங்குளிராயினும் சுவாசிக்கத்தக்கது என உறுதி செய்த பின்னரே, குளிர்கால உடையணிந்து நுழைந்தனர். நிலையத்தில் நீர் பனிக்கட்டியாய் உறைந்திருந்தது. படிப்படியாக மின்கலங்களுக்கு ஆற்றலூட்டி நிலையத்தை மீண்டும் இயங்கச் செய்தனர்; இருவரும் நலமுடன் புவிக்குத் திரும்பினர்.

விண்வெளியில் அவர்கள் கடைப்பிடித்த முதல் நெறியும் ஆம்பூரின் ஒரு கழிவுநீர்த் தொட்டியருகே கடைப்பிடிக்க வேண்டிய முதல் நெறியும் ஒன்றே: காற்றை அறிந்த பின்னரே நுழைய வேண்டும்.

தொட்டியின் வாயிலில் தொடங்கும் மீட்பு

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. உயிர்வளி கிட்டாத நிலையில் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை பழுதடையத் தொடங்கும். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் எவ்வளவு விரைந்தாலும், தொலைவைக் கடந்துவர நேரமாகும். உடனே இறங்கினால் இறங்குபவர் உயிருக்கு இடர். காத்திருந்தால் விழுந்தவர் உயிருக்கு இடர். விபத்து நேர்ந்த பின் இவ்விக்கட்டிலிருந்து மீள எளிய வழி இல்லை. எனவே, மீட்புப்பணி விபத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதனைத் தன் 36 ஆவது பிரிவில் தெளிவாக வகுத்தது. நச்சுக்காற்று இருக்கக்கூடிய தொட்டியினுள் எவரும் நுழையும் முன்னர், அக்காற்றை இயன்றவரை அகற்ற வேண்டும். உள்ளே நஞ்சில்லை எனத் தகுதியுடைய ஒருவர் ஆய்ந்து எழுத்துவழிச் சான்று தர வேண்டும். இல்லையேல், நுழைபவர் சுவாசக்கருவியும் இடுப்புவாரும் அணிந்திருக்க வேண்டும். வாருடன் பிணைத்த கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் பற்றியிருக்க வேண்டும்.

கயிற்றைப் பற்றிய கையே இங்கு உண்மையான மீட்பாளர். தொட்டியின் மேல் முக்காலி ஒன்றை நிறுத்தி, உருளையில் சுற்றிய கம்பிவடத்தை இறங்குபவரின் உடல்வாருடன் இணைத்துவிட்டால், அவர் மயங்கிய நொடியிலேயே மேலே இழுத்துவிடலாம். இரண்டாமவர் இறங்க வேண்டிய தேவையே எழாது. வாயுவை அளக்கும் கையடக்கக் கருவி, தொட்டியினுள் தூய காற்றைச் செலுத்தும் விசிறி, காற்றுருளையுடன் கூடிய சுவாசக்கருவி ஆகியவையும் பணி தொடங்குமுன் அங்கே இருத்தல் வேண்டும். வெளியே நிற்பவர் எக்காரணம் கொண்டும் தம் இடத்தைவிட்டு அகலலாகாது, இறங்கவும் கூடாது. உரத்த குரலில் உதவி கோருவதும், 112 என்னும் எண்ணுக்கு அழைப்பதும், மேலிருந்தே காற்றைச் செலுத்துவதும் அவர் செய்யத்தக்கவை.

தெரிந்து தெளிவோம்

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 இல் இயற்றப்பட்டது. அதனையொட்டி 2006 இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை உருவாயிற்று. அப்படையின் நான்காவது அணி, இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தின் அரக்கோணத்தில் அமைந்துள்ளது. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்தபோது, இடிபாடுகளில் சிக்கியோரை மீட்கும் பணியில் இவ்வணியினர் ஈடுபட்டனர்.

இறங்காமல் காக்கும் வழி

மீட்பினும் சிறந்தது, மீட்கும் தேவையே எழாமல் செய்தல். கழிவுநீர்ச் சாக்கடைகளிலும் மலக்குழிகளிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013 ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. அவ்விடங்களில் இறப்போரின் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என 2014 இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. ஆயினும், எத்தொகையும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

மனிதருக்கு மாற்றாக இயந்திரங்கள் வந்துள்ளன. பாதாளச் சாக்கடையைத் தூய்மை செய்யும் இயந்திர மனிதன் கேரளத்தில் உருவாக்கப்பட்டது. மலக்குழியினுள் இறங்கிக் கசட்டைக் கரைத்து உறிஞ்சும் கருவியைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கியுள்ளது. நஞ்சின் ஊற்றையே குறைக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. 1948 இல் நிறுவப்பட்டுச் சென்னை அடையாற்றில் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், சல்பைடின் அளவைக் குறைத்து நொதிகளின் துணையால் மயிர் நீக்கும் முறைகளை ஆராய்ந்து வழங்கியுள்ளது. சல்பைடு குறையுந்தோறும் தொட்டியில் தேங்கும் நஞ்சும் குறையும்.

வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். செயலின் விளைவு, தன் வலிமை, உரிய காலம், களத்தின் இயல்பு ஆகியவற்றை அறிந்து இயங்குக என்பது அவ்வரிசை உணர்த்தும் பொருள். அரசனுக்கு உரைத்த அந்நெறி, தொட்டியின் வாயிலில் நிற்கும் தொழிலாளிக்கும் அவரைப் பணியமர்த்தும் முதலாளிக்கும் பொருந்தும். துணிந்து இறங்கி உயிர்நீத்தவர்கள் நம் வணக்கத்திற்கு உரியவர்கள். அவர்களுக்குச் செலுத்தும் உண்மையான மரியாதை, இனி ஒருவரும் அவ்வாறு இறங்க நேராதபடி அளவுகருவியையும் கயிற்றையும் முக்காலியையும் முன்னரே ஆயத்தமாக வைத்திருப்பதேயாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உள்ள கிணறு, கழிவுநீர்த் தொட்டி, தானியக் குதிர் முதலிய அடைபட்ட இடங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் பின்பற்ற வேண்டிய பாதுகாப்பு முறைகளைக் குழுவாகக் கலந்துரையாடுக.

2. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை அலுவலர் ஒருவரிடம் கேட்பதற்குரிய பத்து வினாக்களைத் தொகுத்து நேர்காணல் நிகழ்த்துக.

3. 'துணிவு பெரிதா? ஆயத்தம் பெரிதா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.